இல்லாத கால் ஏன் உளைகிறது? மூளையும் நரம்புகளும் போர்க்காயமும்

மிதிவெடியில் கால் போய் இருபது வருடங்கள் கடந்திருக்கும். ஆனாலும் இரவில் அந்தக் கால் உளையும். இல்லாத பெருவிரலில் கடி எடுக்கும். சொறிவதற்குக் கையை நீட்டினால் அங்கே பாய்தான் இருக்கும். சிலருக்குப் பாதம் முறுக்கிப் பிடித்தது போல இருக்கும், சிலருக்கு நெருப்பில் வைத்தது போல எரியும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் வன்னியிலும் போரில் கை, கால் இழந்தவர்களில் இதை அறியாதவர்கள் குறைவு. ஆனால் வாய்விட்டுச் சொல்பவர்களும் குறைவு. "இல்லாத கால் நோகுது எண்டு சொன்னால் விசர் எண்டு நினைப்பினம்" என்ற தயக்கமே காரணம். வீட்டாருக்கும் என்ன பதில் சொல்வதென்று தெரியாது.

இது விசர் அல்ல, கற்பனையும் அல்ல. அந்த நோ உண்மையானது. கால் போனாலும் காலுக்குரிய மூளைப்பகுதி போகவில்லை என்பதே அதன் அடிப்படை. உணர்வையும் அசைவையும் மூச்சையும் மூளை எப்படி நடத்துகிறது என்று தெரிந்துகொண்டால், இந்த நோ எங்கிருந்து வருகிறது என்பது விளங்கும். அதைக் குறைக்க என்ன செய்யலாம் என்பதும் விளங்கும்.

செய்தி காவும் கலங்கள்

மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்புக்கலங்கள் உள்ளன. ஒவ்வொரு கலமும் ஒரு சிறு மின்துடிப்பைத் தன் நீண்ட இழை வழியே அனுப்புகிறது. இழையின் முடிவில் ஓர் இரசாயனப் பொருள் சுரந்து, அடுத்த கலத்தைத் தூண்டும் அல்லது அடக்கும். இப்படி ஒன்றோடொன்று தொடுக்கப்பட்ட கலங்களின் கூட்டத்தையே நரம்புச் சுற்று என்கிறோம்.

எல்லா இழைகளும் ஒரே வேகத்தில் செய்தி காவுவதில்லை. தொடுகையைக் காவும் தடித்த இழைகளில் செய்தி செக்கனுக்கு 35 முதல் 75 மீற்றர் வரை ஓடும். உளைவையும் எரிவையும் காவும் மெல்லிய இழைகளிலோ செக்கனுக்கு 2 மீற்றருக்கு மேல் போகாது. காலில் நெருஞ்சி முள் ஏறினால் முதலில் "சுரீர்" என்ற குத்தும், சற்றுப் பிந்தி உளைவும் வருவது இதனால்தான்.

ஆனால் குத்தோ உளைவோ காலில் உணரப்படுவதில்லை. காலில் இருந்து கிளம்புவது வெறும் மின்துடிப்பு. அது முள்ளந்தண்டினுள் ஓடும் முண்ணாண் வழியாக மூளையை அடைந்த பிறகுதான் "என் வலது காலில் நோகிறது" என்ற உணர்வாகிறது. நோ உண்டாகும் இடம் மூளை. காயம் அதற்குச் செய்தி அனுப்பும் இடம்.

மூளைக்குள் ஓர் உடல்

கனடாவின் மொன்றியல் நகரில் பணியாற்றிய நரம்புச் சத்திரசிகிச்சை நிபுணர் வைல்டர் பென்ஃபீல்ட், வலிப்பு நோயாளர்கள் விழித்திருக்கும்போதே அவர்களது மூளையின் மேற்பரப்பை மெல்லிய மின்சாரத்தால் தொட்டுப் பார்த்தார். ஓரிடத்தைத் தொட்டால் நோயாளி "விரலில் ஏதோ ஊர்கிறது" என்றார். சற்றுத் தள்ளித் தொட்டால் "உதட்டில்" என்றார். இப்படி முழு உடலுக்கும் மூளையில் ஒரு வரைபடம் இருப்பதை 1930களில் அவர் வகுத்துக் காட்டினார். உடலின் வலப்பக்கத்துக்கான படம் இடது மூளையிலும், இடப்பக்கத்துக்கானது வலது மூளையிலும் உண்டு.

இந்தப் படத்தில் அயலவர்கள் உடலில் இருப்பது போல இல்லை. கைக்கு அருகே முகம் இருக்கிறது. பாதத்துக்கு அருகே பிறப்புறுப்பு இருக்கிறது. கை இழந்த சிலருக்குக் கன்னத்தைத் தொட்டால் இல்லாத விரல்களில் தொடுவது போலவும், கால் இழந்த சிலருக்குச் சிறுநீர் கழிக்கும்போது இல்லாத பாதத்தில் கூச்சம் எடுப்பது போலவும் தோன்றுவதுண்டு. இந்த அயலுறவே அதற்குக் காரணம் எனச் சில ஆய்வாளர் கருதுகின்றனர். சொல்லக் கூசும் இப்படியான உணர்வுகள் வைத்தியர்கள் அறிந்தவைதான்.

கால் துண்டிக்கப்பட்ட பின் மூளையிலுள்ள கால் என்னாகிறது? அது அழிவதில்லை. கை இழந்து பல்லாண்டுகள் கடந்தவர்களிடம், இல்லாத விரல்களை அசைக்க முயலுமாறு கூறி மூளையைப் படம்பிடித்தபோது, கைக்குரிய பகுதி இன்னமும் வேலை செய்வது தெரிந்தது. வெளியே இருந்து செய்தி வராவிட்டாலும் அந்தச் சுற்று ஓய்வதில்லை. அறுபட்ட நரம்பின் முனைகளும் தாறுமாறாகத் துடிப்புகளை அனுப்பிக்கொண்டிருக்கும்.

இதற்கு "ஆவி அவயவம்" என்று பொருள்படும் பெயரை 1871இல் இட்டவர் சைலஸ் வெயர் மிச்செல் என்ற அமெரிக்க வைத்தியர். அந்நாட்டு உள்நாட்டுப் போரில் கை, கால் இழந்த படையினரைப் பராமரித்தவர் அவர். நம் மண்ணில் ஒளித்துப் பேசப்படும் இந்த நோ, போர் நடந்த எல்லா நாடுகளுக்கும் பொதுவானது. அவயவம் இழந்தவர்களில் பத்தில் ஆறு பேருக்குக் குறையாமல் இது ஏற்படுவதாக ஆய்வுகள் சொல்கின்றன.

சென்னையில் படித்த வைத்தியரும் ஒரு முகக்கண்ணாடியும்

இந்த நோவுக்குக் கண்ணாடியைக் கொண்டு வழி தேடியவர் ஒரு தமிழர். 1951இல் தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, பின்னர் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் பேராசிரியரான வி. எஸ். இராமச்சந்திரன்.

அவரிடம் வந்த சிலர், இல்லாத கை முறுக்கிப் பிடித்தபடி அசையாமல் இருப்பதாக முறையிட்டனர். அவர் இப்படி யோசித்தார்: மூளை "விரி" என்று கட்டளை அனுப்புகிறது. விரிந்தது என்ற பதில் திரும்பி வருவதில்லை, ஏனெனில் கை இல்லை. மீண்டும் மீண்டும் பதில் வராததால், அந்தக் கை விறைத்துப்போய்விட்டதாக மூளை கற்றுக்கொள்கிறது. அப்படியானால் அந்தப் பதிலைக் கண் வழியாகக் கொடுத்தால் என்ன?

1990களின் நடுப்பகுதியில் அவர் ஒரு பெட்டிக்குள் கண்ணாடியை நிறுத்தி, நல்ல கையின் விம்பம் இல்லாத கையின் இடத்தில் தெரியும்படி செய்தார். நல்ல கையை அசைத்தபோது, போன கையும் அசைவதாகச் சிலர் உணர்ந்தனர். சிலரின் முறுக்கு தளர்ந்தது.

அமெரிக்காவின் வோல்டர் ரீட் இராணுவ வைத்தியசாலையில் கால் இழந்தவர்களிடம் இதைச் சோதித்த முடிவு 2007இல் வெளியானது. 18 பேர் மூன்று குழுக்களாக நாளுக்கு 15 நிமிடம், நான்கு கிழமை பயிற்சி செய்தனர். கண்ணாடியைப் பார்த்துச் செய்த ஆறு பேருக்கும் நோ குறைந்தது. மூடிய கண்ணாடியின் முன் செய்தவர்களில் ஒருவருக்கும், கண்ணை மூடி மனதில் நினைத்துச் செய்தவர்களில் இருவருக்குமே குறைந்தது. இது சிறிய ஆய்வு. பின்னர் வந்த ஆய்வுகள் எல்லாம் இவ்வளவு நல்ல முடிவைத் தரவில்லை. ஆனாலும் செலவில்லாத, ஆபத்துக் குறைந்த முறை என்பதால் பல நாடுகளில் கையாளப்படுகிறது.

வீட்டில் செய்வதென்றால்

முதலில் இயன்மருத்துவரிடம் ஒருமுறை காட்டிப் பழகுவது நல்லது. அதன் பிறகு தேவைப்படுவது காலின் நீளத்துக்கு ஈடான ஒரு கண்ணாடி மட்டுமே. அலுமாரிக் கண்ணாடியும் போதும்.

கட்டிலிலோ பாயிலோ கால் நீட்டி இருக்க வேண்டும். இரண்டு தொடைகளுக்கும் நடுவே கண்ணாடியை நிமிர்த்தி, அதன் முகம் நல்ல காலைப் பார்க்கும்படி வைக்க வேண்டும். மீந்த கால் கண்ணாடிக்குப் பின்னே மறைந்துவிடும். இப்போது கண்ணாடியைப் பார்த்தால் இரண்டு கால்களும் இருப்பது போலத் தெரியும். நல்ல காலின் பாதத்தை மெதுவாக மேலும் கீழும் அசைத்து, விரல்களை மடக்கி விரித்து, அதே நேரத்தில் இல்லாத காலாலும் அதையே செய்ய முயல வேண்டும். கண் விம்பத்தை விட்டு விலகக்கூடாது. 15 நிமிடம் போதும். ஆனால் நாள்தோறும் செய்ய வேண்டும்.

முழுக்காலைக் கண்ணாடியில் கண்டதும் அழுகை வரலாம். மேலே சொன்ன ஆய்விலும் இருவருக்கு அப்படிச் சற்றுநேரம் துயரம் ஏற்பட்டது. முதல் நாட்களில் பக்கத்தில் ஒருவர் இருப்பது நல்லது. தலைசுற்றினாலோ நோ கூடினாலோ நிறுத்திவிட வேண்டும்.

மீந்த காலிலேயே வரும் நோ வேறு விடயம். பொய்க்காலின் குழி பொருந்தாமை, நரம்பு முனையில் கட்டி, கிருமித்தொற்று, உள்ளே தங்கிய குண்டுச் சிதறல் ஆகியவை அதற்குக் காரணமாகலாம். அதை வைத்தியரிடம் காட்ட வேண்டும். இல்லாத காலின் நோவுக்கு சாதாரண நோக் குளிசைகள் பெரிதாக உதவுவதில்லை. நரம்பு நோவுக்கென அமிற்றிப்ரிலின், கபாபென்ரின் போன்ற மருந்துகள் கொடுக்கப்படுகின்றன. வைத்தியர் எழுதித் தந்தால் மட்டுமே அவற்றைப் பாவிக்க வேண்டும்.

அசைவும் பொய்க்காலும்

நடக்க நினைத்ததும் மூளையின் இயக்கப் பகுதியில் இருந்து கட்டளை கிளம்பி, மூளையின் அடியில் எதிர்ப்பக்கத்துக்குக் கடந்து, முண்ணாண் வழியே இறங்கித் தசையை அடைகிறது. பின்மண்டையில் உள்ள மூளி என்ற பகுதி, நினைத்த அசைவையும் நடந்த அசைவையும் ஒப்பிட்டுப் பிழையைத் திருத்திக்கொண்டே இருக்கும்.

பொய்க்காலுடன் நடக்கப் பழகும்போது இந்தத் திருத்தமே நடக்கிறது. குதிக்காலில் இருந்து வந்த செய்திக்குப் பதிலாக, மீந்த காலில் விழும் அழுத்தத்தை வைத்துத் தரையை அறிய மூளை பழகுகிறது. யாழ்ப்பாணத்தில் 1987 முதல் ஜெய்ப்பூர் நிறுவனம் செயற்கை அவயவங்களைச் செய்து கொடுத்து வருகிறது. ஜெய்ப்பூர் கால் என்பது இராஜஸ்தானின் சிற்பி ராம் சந்திர சர்மாவும் எலும்பு வைத்தியர் பி. கே. சேத்தியும் 1960களின் இறுதியில் உருவாக்கியது. றப்பர்ப் பாதம் என்பதால் வெறுங்காலோடு நடக்கலாம், குந்தலாம், வயலில் இறங்கலாம். ஆவிக்கால் பொய்க்காலுக்குள் வந்து பொருந்திவிட்டது போல் உணர்வதாகச் சொல்பவர்களும் உண்டு. அவர்களுக்கு நடை இலகுவாகிறது.

எறிகணைச் சிதறலால் முண்ணாண் அறுபட்டவர்களின் நிலை வேறு. அவர்களுக்குக் காலும் இருக்கிறது, மூளையில் கட்டளையும் இருக்கிறது. இடையே உள்ள வழிதான் இல்லை. காயம் எந்த மட்டத்தில் என்பதைப் பொறுத்தே எது மிஞ்சும் என்பது அமையும். மூச்சுக்குரிய முக்கிய தசையான பிரிமென்றகட்டை இயக்கும் நரம்பு, கழுத்தின் 3, 4, 5ஆம் மட்டங்களில் இருந்து புறப்படுகிறது. அதனால் நெஞ்சு மட்டத்தில் அடிபட்டவர் தாமாக மூச்சு விடுவார். ஆனால் வயிற்றுத் தசைகள் இயங்காததால் இருமல் வலுவாக வராது, சளி தேங்கும். இவர்களுக்குச் சாதாரண தடிமனும் நெஞ்சுச் சளியாக மாறக்கூடும். பராமரிப்பவர்கள் காய்ச்சலையும் மூச்சிரைப்பையும் அலட்சியம் செய்யக்கூடாது.

மூச்சு என்னும் வாசல்

நாளொன்றுக்கு ஏறத்தாழ 20,000 தடவை மூச்சு விடுகிறோம். நித்திரையிலும் அது நிற்பதில்லை. அந்தத் தாளத்தைப் போடுவது மூளையின் அடித்தண்டில் உள்ள ஒரு சிறு நரம்புக்கலக் கூட்டம். 1991இல் எலிகளில் இது கண்டறியப்பட்டது. அதே வேளை, இதயத் துடிப்பைப் போலல்லாது மூச்சை நாம் நினைத்தும் நடத்தலாம். பேசும்போதும் பாடும்போதும் அதைத்தான் செய்கிறோம்.

போரைக் கண்டவர்களுக்கு, திருவிழாவில் வெடி கொளுத்தினாலோ வானில் இரைச்சல் கேட்டாலோ நெஞ்சு படபடத்து மூச்சு வாங்குவதுண்டு. ஆபத்தை அறியும் மூளைச்சுற்று, சத்தம் என்ன என்று யோசிப்பதற்கு முன்னரே உடலை ஓடத் தயாராக்கிவிடுகிறது. பங்கருக்குள் உயிர்காத்த அதே சுற்று இது. மூச்சு மிக வேகமானால் இரத்தத்தில் காபனீரொட்சைட்டு குறையும். அதனால் விரல் விறைக்கும், தலை சுற்றும், நெஞ்சு இறுகும். அது மேலும் பயத்தைக் கூட்டும்.

2017இல் வெளியான ஓர் ஆய்வில், மூச்சுத் தாள மையத்திலுள்ள சில கலங்கள் மூளையை விழிப்பூட்டும் பகுதிக்கு நேரே செய்தி அனுப்புவது தெரியவந்தது. அந்தக் கலங்களை நீக்கிய எலிகள் வழமையை விட அமைதியாகின. மெதுவான மூச்சு மனதை ஏன் ஆற்றுகிறது என்பதற்கு இது ஒரு விளக்கம். யாழ்ப்பாணத்தில் போரின் மனவடுக்களைப் பற்றி ஆராய்ந்த மனநல வைத்தியப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், நம் மரபில் உள்ள தளர்வுப் பயிற்சிகளைச் சிகிச்சையில் சேர்க்க வேண்டும் என வலியுறுத்தியவர்.

படபடப்பு வரும்போது மூக்கால் மெதுவாக மூச்சை இழுத்து, இழுத்ததிலும் நீண்ட நேரம் எடுத்து விட வேண்டும். சில நிமிடம் தொடர்ந்தால் தாளம் இறங்கும். நெஞ்சு நோ புதிதாக வந்தால் முதலில் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். படபடப்பு நித்திரையையும் வேலையையும் கெடுத்தால் மனநல சிகிச்சை நிலையத்தை நாடலாம்.

இல்லாத காலின் உளைவும், வெடிச்சத்தத்தில் வாங்கும் மூச்சும், நடந்ததை மறக்காத நரம்புச் சுற்றுகளின் வேலை. கோழைத்தனமோ, ஊழ்வினையோ, விசரோ அல்ல. கற்ற சுற்று மீண்டும் கற்கக்கூடியது; சிலருக்கு முழுமையாக, சிலருக்குக் கொஞ்சம். அடுத்தமுறை கிளினிக் போகும்போது "இல்லாத கால் நோகுது, டொக்டர்" என்று சொல்லுங்கள். வீட்டில் ஒருவர் அப்படிச் சொன்னால் சிரிக்காமல், "எந்த இடத்தில நோகுது?" என்று கேளுங்கள்.