விற்பதற்கென்று பிறந்த கப்பல்கள்

ஒரு துறையில் ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு எதிர்த்துறையில் இறக்கிவிட்டு, அங்கே காத்திருப்பவர்களை ஏற்றிக்கொண்டு திரும்பி, காலை முதல் இரவு வரை ஒரே ஜலசந்தியில் போவதும் வருவதுமாகத் தன் ஆயுளைக் கழிக்கும் பயணிகள் கப்பலுக்கு, மகாசமுத்திரங்களைத் தாண்டும் கப்பல்களுக்குள்ள கீர்த்தி ஒருபோதும் கிடைப்பதில்லை. ஆனால் அதன் வாழ்க்கையில் ஒரு விசித்திரம் உண்டு. உழைக்கும் காலமெல்லாம் குறிப்பிட்ட சில மைல்களுக்கு அப்பால் போகாத அந்தக் கப்பல், ஓய்வு கொடுக்கப்பட்ட பிறகுதான் பல சமயங்களில் தன் வாழ்நாளிலேயே மிக நீண்ட பிரயாணத்தைத் தொடங்குகிறது. கண்டம் விட்டுக் கண்டம் சென்று புதிய எஜமானனுக்கு உரியதாகிறது. கானடாவின் மேற்குக் கோடியிலுள்ள பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்திலிருந்து 2009-ஆம் வருஷம் அபுதாபிக்குப் போன மூன்று அலுமினியக் கப்பல்களின் கதை இதனினும் விசித்திரமானது. அவற்றில் எதுவும் பயணிகளுடன் முழுசாக ஒரு வருஷம்கூட ஓடவில்லை. ஒன்று வழக்கமான சேவைக்கு வரவே இல்லை.

அந்த மாகாணத்தின் பூகோளத்தைச் சற்றே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பெருநிலக் கரையிலிருக்கும் வான்கூவர் நகரத்துக்கும், தலைநகரான விக்டோரியாவைத் தன்னிடத்தே கொண்ட வான்கூவர் தீவுக்கும் இடையே ஜார்ஜியா ஜலசந்தி கிடக்கிறது. ஆதிகுடிகளான சேலிஷ் மக்கள் பெரிய செடார் மரங்களைக் குடைந்து செய்த ஓடங்களில் அதைக் கடந்தார்கள். பிற்காலத்தில் ரயில்வே கம்பெனியின் நீராவிக் கப்பல்களும், ‘பிளாக் பால்’ என்னும் தனியார் கம்பெனியின் கப்பல்களும் அந்த வேலையைச் செய்தன. 1958-இல் இவ்விரண்டிலும் வேலைநிறுத்தம் மூண்டு, தீவிலுள்ள ஜனங்கள் உலகத் தொடர்பற்றவர்களைப் போல ஆனபோது, மாகாணத்தின் முதல் மந்திரியாக இருந்த டபிள்யூ. ஏ. ஸி. பென்னட், கப்பல் போக்குவரத்தை அரசாங்கமே ஏற்று நடத்துவதென்று தீர்மானித்தார். 1960-இல் இரண்டே கப்பல்களுடன் தொடங்கிய ‘பி.ஸி. பெர்ரீஸ்’ மறு வருஷமே பிளாக் பால் கம்பெனியின் கானடாப் போக்குவரத்தையும் விலைக்கு வாங்கிக்கொண்டது.

அவ்வாறு கைமாறிய பாதைகளுள் ஒன்று, ஹார்ஸ்ஷூ பே துறைக்கும் தீவிலுள்ள நனைமோ ஊருக்கும் இடைப்பட்ட முப்பது கடல் மைல் பாதை. கைமாறிய கப்பல்களுள் ஒன்றோ, அமெரிக்கக் கண்டத்தின் இரு கரைகளையும் கண்டு அனுபவித்த ஒரு கிழம். 1903-இல் பிலடெல்பியாவில் ‘ஆஸ்பரி பார்க்’ என்ற பெயருடன் கட்டப்பட்டு, நியூயார்க் நகரத்தாரைக் கடற்கரை ஊர்களுக்கு ஏற்றிச் சென்ற அந்தக் கப்பல், பின்னர் ஸான்பிரான்ஸிஸ்கோ விரிகுடாவுக்கு விற்கப்பட்டு ‘ஸிட்டி ஆஃப் ஸாக்ரமெண்டோ’ ஆயிற்று. இரண்டாம் உலக மகாயுத்தத்தின் போது ஸியாட்டில் பக்கம் வந்தது. அதன் பிறகு ‘கலோகே’ என்ற பெயருடன் நனைமோ பாதையில் ஓடி, கடைசியாக ‘லாங்டேல் குவீன்’ என்ற நாமத்தோடு 1976 வரை உழைத்தது. நீராவி இயந்திரம் போய் டீசல் வந்தது, மேல்தட்டு மாறிற்று, பெயர் மூன்று முறை மாறிற்று, ஆனால் எழுபது வருஷத்துக்கும் மேலாக அந்த உடல் ஜனங்களைச் சுமந்துகொண்டே இருந்தது. பிறர் கழித்த கப்பலை வாங்கி, நம் நீருக்கு ஏற்றபடி திருத்திக்கொண்டு ஓட்டுவது அந்தக் கரையில் அவமானமாகக் கருதப்படவில்லை என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

1990-களில் இந்த மனோபாவத்துக்கு நேர்மாறான ஒரு மனோரதம் தோன்றிற்று. மாகாணத்தில் கப்பல் கட்டும் தொழில் நசித்துக்கொண்டிருந்த காலம் அது. ஆஸ்திரேலியாவின் தென்கோடியிலிருக்கும் டாஸ்மேனியா என்னும் சிறு தீவில் அலுமினியத்தால் கட்டப்பட்ட, இரட்டை உடல் கொண்ட அதிவேகக் கப்பல்களோ உலகத்தின் பல துறைகளுக்கும் விற்பனையாகிக்கொண்டிருந்தன. அவற்றுள் ஒன்று 1990-இல் அட்லாண்டிக் சமுத்திரத்தை மூன்றரை நாளுக்கும் குறைவான காலத்தில் கடந்து, பயணிகள் கப்பல்களின் வேகத்துக்குரிய பரிசையே தட்டிக்கொண்டு போயிற்று. ‘டாஸ்மேனியாவால் முடிந்தது நம்மால் முடியாதா?’ என்ற கேள்வி எழுவது இயல்புதானே? புதிய ஜனநாயகக் கட்சியின் அரசாங்கம், பின்னாளில் முதல் மந்திரியான கிளென் கிளார்க் உற்சாகமாக முன்னின்று நடத்த, மூன்று அதிவேகக் கப்பல்களை உள்நாட்டிலேயே கட்டுவதென 1994-இல் அறிவித்தது. மூன்றுக்கும் சேர்த்து மதிப்பிடப்பட்ட செலவு 21 கோடி கானடா டாலர். நனைமோவுக்குப் போகும் நேரத்தில் ஏறக்குறைய அரைமணி மிச்சமாகும் என்பது பயணிகளுக்குச் சொல்லப்பட்ட லாபம். அலுமினியக் கப்பல் கட்டும் வித்தையைத் தொழிலாளர்கள் கற்றுக்கொண்டு, அடுத்தடுத்த கப்பல்களை வெளிநாடுகளுக்கு விற்று மாகாணம் செழிக்கும் என்பது அதற்குப் பின்னால் இருந்த பெரிய லாபம்.

ஸிட்னி நகரத்து நிபுணர்களின் வரைபடத்தை மூலமாகக் கொண்டு, வான்கூவருக்கு எதிர்க்கரையில் எழுப்பப்பட்ட பிரம்மாண்டமான கூடத்தில் வேலை நடந்தது. எஃகைப் பற்றவைத்துப் பழகிய கைகள் அலுமினியத்தைப் பற்றவைக்கப் புதிதாகப் பயின்றன. அவ்வளவு பெரிய அலுமினியக் கப்பலை அந்த மாகாணம் அதற்குமுன் கட்டியதில்லை. கப்பல் ஒவ்வொன்றும் 122 மீட்டர் நீளம். 250 கார்களையும் ஆயிரம் பயணிகளையும் தாங்குவது. நான்கு ஜெர்மானிய டீசல் இயந்திரங்களின் பலத்தால் மணிக்கு 37 கடல் மைல் வேகத்தில் செல்வது. ‘பஸிபிகாட் எக்ஸ்ப்ளோரர்’ 1999-இல் ஓடத் தொடங்கியது. ‘பஸிபிகாட் டிஸ்கவரி’ அதைத் தொடர்ந்தது, ‘பஸிபிகாட் வாயேஜர்’ மூன்றாவது. இவற்றைக் கட்டி முடிப்பதற்குள் செலவு 46 கோடி டாலரை எட்டிவிட்டது.

பணம் போனாலும் கப்பல் நன்றாக ஓடியிருந்தால் ஜனங்கள் மறந்திருப்பார்கள். ஓடவில்லை, அல்லது, ஓடிய விதம் அந்த நீருக்குப் பொருந்தவில்லை. பிரிட்டிஷ் கொலம்பியா மரத்தால் வாழ்ந்த நாடு. காடுகளில் வெட்டிய அடிமரங்களைத் தெப்பமாகப் பிணைத்துக் கடலில் இழுத்துச் செல்வது அங்கே நெடுநாளைய வழக்கம். தெப்பத்திலிருந்து கழன்ற கட்டைகளும், ஆறுகள் கொண்டுவந்து தள்ளும் மரங்களும் ஜலசந்தியெங்கும் பாதி அமிழ்ந்து மிதந்துகொண்டிருக்கும். புதிய கப்பல்களுக்கோ வழக்கமான சுழல்விசிறி கிடையாது. அடியிலிருந்து நீரை உறிஞ்சிப் பின்புறம் பீறிட்டு வெளியேற்றும் விசைக்குழாய்களே அவற்றை உந்தின. உறிஞ்சும் வாய் நீரையும் கட்டையையும் பிரித்தறியுமா? துண்டு மரங்கள் உள்ளே இழுக்கப்பட்டு அடைத்துக்கொண்டன, சேதம் நேர்ந்தது, பயணங்கள் தடைப்பட்டன.

அலையின் தொல்லை இதைவிடப் பெரிது. அதிவேகக் கப்பல் எழுப்பும் அலை ஆழ்கடலில் பார்ப்பதற்குச் சாதுவாகவே தோன்றும். உயரம் குறைவு, நீளம் அதிகம். ஆனால் ஆழமற்ற கரையை நெருங்க நெருங்க அது தலையெடுத்து நிமிர்ந்து, கப்பல் கண்ணுக்கு மறைந்து சில நிமிஷங்கள் கழித்து வந்து மோதும். கரையோரத்து வீட்டுக்காரர்கள் தங்கள் படித்துறைகள் ஆட்டங்கண்டதாகவும், கரை அரிக்கப்படுவதாகவும் முறையிட்டார்கள். போவன் தீவின் அருகில் இந்தக் கூக்குரல் பலமாக எழுந்தது. ஆகவே கப்பல் தலைவர்கள் சில இடங்களில் வேகத்தைக் குறைக்கவும், சில இடங்களில் சுற்றிப் போகவும் வேண்டியதாயிற்று. வேகத்துக்கென்றே பிறந்த கப்பல் வேகமாகப் போகக்கூடாதென்றால் அப்புறம் அதற்கு என்ன விசேஷம்? துறையில் எடை பார்த்து வண்டிகளை அடுக்குவதிலும் நேரம் போயிற்று. கடலில் மிச்சம் பிடித்த நிமிஷங்கள் கரையில் கரைந்தன. எண்ணெய்ச் செலவு மாத்திரம் குறையவில்லை.

மாகாணத்தின் தலைமைத் தணிக்கையாளர் ஜார்ஜ் மார்ஃபிட் 1999-இல் வெளியிட்ட அறிக்கை, பட்டறையில் நேர்ந்த பிழைகளைவிட அவற்றுக்கு முந்தின பிழையையே வற்புறுத்தியது: முடிவெடுப்பதற்கு முன்பு செய்திருக்க வேண்டிய ஆராய்ச்சியும், லாப நஷ்டங்களைச் சீர்தூக்கிப் பார்ப்பதும் போதிய அளவில் நடக்கவில்லை என்பதே அதன் சாரம். 2000-இல் முதல் மந்திரியான உஜ்ஜல் தோசாஞ்ஜ் (பஞ்சாபில் பிறந்தவர்; கானடாவில் அப்பதவிக்கு வந்த முதல் இந்திய வம்சத்தார்) மூன்று கப்பல்களையும் விற்றுவிடுவதென்ற முடிவை அறிவித்தார். பல காரணங்களோடு இந்த அதிருப்தியும் சேர்ந்துகொள்ள, 2001 தேர்தலில் ஆளுங்கட்சிக்கு 79 ஸ்தானங்களில் இரண்டே மிஞ்சின.

விற்பது என்று சொல்வது எளிது. வாங்குவார் வர வேண்டாமா? 2003 மார்ச்சில் மூன்றும் ஏலத்துக்கு வந்தன. வான்கூவரிலேயே கப்பல் பட்டறைகள் நடத்திவந்த வாஷிங்டன் மரைன் என்னும் நிறுவனம் மூன்றையும் சேர்த்து 1 கோடியே 94 லட்சம் டாலருக்கு எடுத்தது. நூறு ரூபாய் போட்ட இடத்தில் நாலு ரூபாய் திரும்பி வந்த கணக்கு. வாங்கியவர்களுக்கும் உடனே வழி பிறக்கவில்லை. ஆறு வருஷ காலம் அவை கட்டப்பட்ட கரையருகிலேயே கட்டுண்டு நின்றன. 2009-இல்தான் அபுதாபி மார் என்னும் கப்பல் தொழில் நிறுவனம் அவற்றை வாங்கிற்று. பழைய போர்க்கப்பலொன்றைச் செல்வர்களின் உல்லாசக் கப்பலாக மாற்றும் வேலையில் ஈடுபட்டிருந்த நிறுவனம் அது.

உள்நாட்டு ஜலசந்திக்கென்று அமைந்த மெல்லிய அலுமினிய உடலைச் சமுத்திரத்தின் நெடிய அலைகள்மேல் பல ஆயிரம் மைல் ஓட்டிச் செல்வது புத்திசாலித்தனமன்று. அதற்கென்றே பெருஞ்சுமைக் கப்பல்கள் இருக்கின்றன. நடுப்பகுதி முழுவதும் தட்டையான மேடையாகவும், ஆட்கள் இருக்கும் மாளிகை ஒரு கோடியிலும் அமைந்தவை அவை. வயிற்றிலுள்ள தொட்டிகளில் கடல்நீரை நிரப்பிக்கொண்டு அந்தக் கப்பல் மெல்ல மெல்ல மேடை முழுகும் வரை தாழும். இழுவைப் படகுகள் சரக்காகிய கப்பலை அந்த முழுகிய மேடைக்கு நேர்மேலே கொண்டுவந்து நிறுத்தும். பிறகு தொட்டிகளிலுள்ள நீரை இறைத்து வெளியேற்றவே மேடை உயர்ந்து, முன்கூட்டி அமைத்த மரத்தாங்கல்களின்மேல் அடிப்பாகம் வந்து உட்காரும். அங்குலம் பிசகினாலும் ஆபத்து. 37 கடல் மைல் வேகத்துக்குப் பெயர்போன பஸிபிகாட்டுகள், வேறொரு கப்பல் தன் நிதானமான நடையில் சுமந்து செல்ல, இவ்வாறு பாரசீக வளைகுடாவைச் சேர்ந்தன. மாகாணம் அலுமினியக் கப்பலை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யும் என்ற சங்கற்பம் இந்த விதமாக நிறைவேறிற்று!

இதற்குள் அந்த மாகாணம் என்ன செய்தது என்பதையும் பார்க்க வேண்டும். தன் பெரிய பாதைகளுக்கு மூன்று புதிய கப்பல்களை ஜெர்மனியிலுள்ள பிளென்ஸ்பர்க் பட்டறையில் கட்டச் சொல்லி 2008-இல் ஓடவிட்டது. அவை பஸிபிகாட்டுகளைவிட வேகம் மிகக் குறைந்தவை, அதிக வண்டிகள் கொள்பவை. வடக்குப் பாதையின் கதை இன்னும் ரஸமானது. 1969-இல் ஜெர்மனியில் ‘ஸ்டெனா டானிகா’ என்று பிறந்து, 1974-இல் இரண்டாங் கையாக வாங்கப்பட்ட ஒரு கப்பல், தென்பகுதியில் சரிப்படாமல் சில காலம் சும்மா நின்று, பிறகு திருத்தியமைக்கப்பட்டு, 1980 முதல் ‘குவீன் ஆஃப் தி நார்த்’ என்ற பெயருடன் வடகரை ஊர்களுக்கு ஓடிற்று. 2006 மார்ச்சில் அது வழி பிசகிக் கில் தீவில் மோதி மூழ்கியபோது, மாகாணம் அவசரமாகத் தேடி வாங்கியது எதை? கிரேக்க தேசத்தில் கட்டப்பட்ட ‘ஸோனியா’ என்ற கப்பலைத்தான். பிறருக்கு விற்கும் தொழிலைத் தொடங்குவதற்காகக் கட்டிய கப்பல்கள் கரையில் கட்டிக்கிடக்க, பிறருடைய கப்பல் வந்து வேலை செய்தது.

இரண்டாங் கைக் கப்பலெல்லாம் நல்லது, புதுக் கப்பலெல்லாம் கெட்டது என்று இதிலிருந்து முடிவு கட்டுவது பிழை. அண்டையிலுள்ள அலாஸ்காவும் 2004, 2005 வருஷங்களில் ‘பேர்வெதர்’, ‘செனேகா’ என்ற இரண்டு அதிவேக அலுமினியக் கப்பல்களைக் கடலில் இறக்கிற்று. பனிக்காற்றும் பேரலையும் பொருந்திய அந்தக் கடலில் அவற்றால் எல்லா நாளும் ஓட முடியவில்லை. இயந்திரங்களும் தொல்லை கொடுத்தன. கட்டிய செலவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த விலைக்கு 2021-இல் ஸ்பெயின் தேசத்துக் கம்பெனியொன்று வாங்க, அவையும் சுமைக் கப்பலின் முதுகிலேறிப் போயின. சென்று சேர்ந்த இடம் இபிஸா, பார்மென்டெரா தீவுகளின் கடல். குறுகிய தூரம், உல்லாசப் பிரயாணிகளின் கூட்டம். அலாஸ்காவில் குறையாக இருந்ததே அங்கே குணமாகலாம். கப்பலின் தகுதியில் பாதி அதன் உடம்பில் இருக்கிறது. மறுபாதி அது மிதக்கும் நீரில் இருக்கிறது.

பிரிட்டிஷ் கொலம்பியா தவறியது இந்த மறுபாதியை மறந்ததனால்தான். தொழிலாளர்களுக்கு வேலையும், மாகாணத்துக்கு ஒரு புதிய தொழிலும் வேண்டுமென்று நினைத்தது நல்ல நினைப்பே. அதைப் பரிகசிக்க நமக்கு உரிமையில்லை. ஆனால் அவர்கள் முன்மாதிரியாகக் கொண்ட டாஸ்மேனியாவின் சரித்திரம் வேறு விதமானது. 1975 ஜனவரியில் ஒரு சரக்குக் கப்பல் மோதி, ஹோபார்ட் நகரத்தை இரண்டாகப் பகுக்கும் டெர்வென்ட் நதியின் பாலம் இடிந்தது. பாலம் திரும்ப எழும்பும் வரை, இரண்டு வருஷத்துக்கும் மேலாக, ஜனங்களை அக்கரைக்கும் இக்கரைக்கும் கொண்டுவிட்டவர்களுள் முக்கியமானவர் சிறு படகுகள் வைத்திருந்த பாப் கிளிபோர்ட். அந்த அனுபவத்துக்குப் பிறகே, 1977-இல், அவரும் வரைபட நிபுணர் பிலிப் ஹெர்கஸும் சேர்ந்து இரட்டை உடல் கப்பல்களைக் கட்டும் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பஸிபிகாட்டுகளின் வரைபடமும் ஹெர்கஸின் நிறுவனத்திலிருந்து வந்ததே. வான்கூவர்க்காரர்கள் டாஸ்மேனியாவிலிருந்து கற்றது கப்பலின் வடிவத்தை; கற்காமல் விட்டது அந்தத் தொழில் வளர்ந்த முறையை. முதலில் தன் ஊர்ப் பிரயாணிகளை நாள்தோறும் பத்திரமாகக் கரை சேர்த்து, அவர்களுடைய அவசரமும் அலுப்பும் இன்னவையென்று அறிந்து, அதற்குத் தகப் படகைத் திருத்தித் திருத்தி அமைத்த பிறகே டாஸ்மேனியா உலகத்துக்கு விற்றது. கூரை ஏறிக் கோழி பிடிப்பதற்கு முன் வைகுண்டத்துக்குப் பாதை போட்டவர்களுக்கு ஆன செலவு, கணக்குப் புத்தகத்தின்படி, நாற்பத்தைந்து கோடி டாலருக்குச் சற்றுக் குறைவு.