பெருந்தமனிக் கிழிவு: அவசர சிகிச்சையில் கண்டறிதல்

இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் உட்சுவர் கிழிந்து, அவ்வழியே புகும் இரத்தம் சுவரின் அடுக்குகளைப் பிரித்துக்கொண்டு பரவுவதே பெருந்தமனிக் கிழிவு. உயர் இரத்த அழுத்தம் இதன் தலையாய காரணம். மார்ஃபன் நோய்க்குறி போன்ற பிறவிக் கோளாறு உடையவர்களை இது இளவயதிலும் தாக்கும். நெடுங்காலம் இது பிரேதப் பரிசோதனையில் மட்டுமே தெரியவரும் நோயாக இருந்தது. பிரிட்டன் மன்னர் இரண்டாம் ஜார்ஜ் 1760 அக்டோபர் 25 அன்று திடீரென இறந்தார். அவர் உடலை ஆராய்ந்த மருத்துவர் ஃபிராங்க் நிக்கோல்ஸ், இதய உறைக்குள் உறைந்த இரத்தம் நிறைந்திருந்ததையும் பெருந்தமனியின் உட்புறத்தில் ஏறத்தாழ ஒன்றரை அங்குலக் கிழிசல் இருந்ததையும் பதிவுசெய்தார். 1819இல் பிரெஞ்சு மருத்துவர் லானெக் இந்நோய்க்கு வைத்த பெயர் நிலைத்தது. அமெரிக்காவில் டிபேக்கி, கூலி, கிரீச் என்னும் அறுவை மருத்துவர்கள் 1955இல் அறுவை முறையை வெளியிட்ட பிறகே, உயிரோடு இருக்கும்போது இதைக் கண்டறிவதற்குப் பொருள் உண்டாயிற்று. டிபேக்கி 1965இல் வகுத்த மூன்று வகைகளைவிட, 1970இல் ஸ்டான்ஃபோர்டு குழு வகுத்த இரண்டு வகைகளே அவசரப் பிரிவுக்கு ஏற்றவை. இதயத்திலிருந்து மேலெழும் பகுதியான ஏறுபெருந்தமனி கிழிந்திருந்தால் ‘ஏ’: உடனே அறுவை. அது தப்பியிருந்தால் ‘பி’: பெரும்பாலும் இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மருந்தே போதும்.

நோயைப் பிடிப்பது கருவியைவிட முதலில் கேட்கும் கேள்விதான். இந்நோய்க்கான பன்னாட்டுப் பதிவேடு 2000ஆம் ஆண்டு வெளியிட்ட 464 நோயாளிகளின் விவரம் இதற்குச் சான்று. பாடநூல்கள் வலியுறுத்தும் நாடித்துடிப்பு வேறுபாடு ஏறத்தாழ 15 விழுக்காட்டினரிடமே காணப்பட்டது. சுமார் 12 விழுக்காட்டினரின் மார்பு எக்ஸ்ரேயில் கோளாறே இல்லை. ஆனால் ஏறத்தாழ 85 விழுக்காட்டினருக்கு வலி திடீரெனத் தொடங்கியிருந்தது. கிழிவு இதயத் தமனியின் வாயை அடைத்தால் இ.சி.ஜி.யும் மாரடைப்பையே காட்டும். மூளைக்குச் செல்லும் தமனியை அடைத்தால் பக்கவாதமாகத் தோன்றும்.

அப்படியானால் நெஞ்சுவலியோடு வரும் எல்லோருக்கும் சி.டி. ஆஞ்சியோ எடுத்துவிடலாமே என்பர். அதுவே உறுதியான பரிசோதனை என்பது உண்மை. ஆனால் நெஞ்சுவலிக்காரர்களில் மிகச் சிலருக்கே இந்நோய் இருக்க, கதிர்வீச்சையும் சாயமருந்தையும் அனைவருக்கும் ஏற்றுவது முறையன்று. 1,850 பேரிடம் நடத்தி 2018இல் வெளியான ஆய்வில், நோய்க்கான வாய்ப்பை மதிப்பிடும் அபாயப் புள்ளி ஒன்றைத் தாண்டாமல், இரத்தப் பரிசோதனையில் டி-டைமர் அளவும் குறைவாக இருந்தவர்களில் ஆயிரத்துக்கு மூவர் என்ற அளவிலேயே நோய் தவறவிடப்பட்டது. அந்தப் புள்ளியைக் கணக்கிடவும் வலி தொடங்கிய விதத்தைக் கேட்டாக வேண்டும். புள்ளி உயர்ந்திருந்தால் டி-டைமருக்குக் காத்திராமல் நேரே ஸ்கேன். நோயாளியை நகர்த்த முடியாதபோது உணவுக்குழாய் வழி எக்கோ. கிழிவு இருக்கையில் மாரடைப்பென்று எண்ணி இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. ஆகவே அம்மருந்தை ஏற்றுமுன் வலி எப்படித் தொடங்கியது, முதுகுக்குப் பரவியதா என்று மருத்துவர் கட்டாயம் கேட்க வேண்டும்.