குளோயி என்றொரு பேய்

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் செயின்ட் பிரான்சிஸ்வில் என்ற சிற்றூர். அங்கே மர்டில்ஸ் என்ற பழைய தோட்ட மாளிகை இன்று காலை உணவோடு அறை வாடகைக்கு விடும் விடுதி. பலர் பேய் பார்க்கவே வருகிறார்கள்.

விஸ்கி வரிக்கு எதிரான 1794 கலகத்தில் தேடப்பட்டுத் தப்பி ஓடிய டேவிட் பிராட்ஃபோர்ட், 1796இல் கட்டிய வீடு. அவருக்கு 1799இல் குடியரசுத் தலைவரே மன்னிப்பு வழங்கினார். அந்தத் தோட்டத்தில் உழைத்த அடிமைகளுக்கு ஏது மன்னிப்பு, ஏது விடுதலை?

விடுதியின் புகழ்பெற்ற பேய் குளோயி என்ற அடிமைப் பெண். ஒட்டுக்கேட்டாள் என்று எஜமான் அவள் காதை அறுத்தானாம். அவள் கேக்கில் அரளிச் சாற்றைக் கலந்து எஜமானியையும் பிள்ளைகளையும் கொன்றாளாம். உடனிருந்த அடிமைகளே அவளைத் தூக்கில் போட்டார்களாம். ஆவணங்களிலோ அப்படியொரு பெண்ணே இல்லை. எஜமானி சாரா 1823இல் மஞ்சள் காய்ச்சலில் இறந்தவர்.

கதையைக் கவனியுங்கள் தோழர்களே. நஞ்சு வைத்தவளும் அடிமை, தூக்கிலிட்டவர்களும் அடிமைகள். காதறுத்தவனுக்கு ஒரு கீறலும் இல்லை! உண்மையில் அங்கே வாழ்ந்து மடிந்தவர்களை விட்டுவிட்டு, இல்லாத ஒருத்தியைக் காட்டிக் காசு பார்க்கிறார்கள்.

இது நமக்கு அந்நியக் கதையல்ல. அடிமை முறையை ஒழிக்கப் போராடிய அமெரிக்கர்களுக்குத்தான் ஜோதிராவ் புலே 1873இல் தன் 'குலாம்கிரி' நூலைக் காணிக்கையாக்கினார்.

அதே லூசியானாவில், 2014இல் விட்னி தோட்டம் அடிமைகளின் வரலாற்றைச் சொல்லும் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. அங்கே 1,07,000 அடிமைகளின் பெயர்களைக் கல்லில் பொறித்து வைத்திருக்கிறார்கள்.