எலும்பில் தங்கிய சுரங்கம்

இன்னைக்கு நாம போகப்போறது 2010-க்கு, வடமேற்கு நைஜீரியாவின் ஸம்ஃபாரா மாநிலத்துக்கு. அங்கே சில கிராமங்கள்ல சின்னக் குழந்தைங்க வலிப்பு வந்து அடுத்தடுத்து இறந்துபோறாங்க. முதல்ல மலேரியான்னுதான் நினைச்சாங்க. ரத்தத்தைச் சோதிச்சப்புறம்தான் தெரிஞ்சது, காரீயம். (நம்ம ரசம் வைக்கிற ஈயச்சொம்பு இல்லை. அது வெள்ளீயம், வேற உலோகம்.)

அப்போ தங்கம் விலை ஏறிட்டிருந்த நேரம். அந்தப் பகுதியில தங்கம் இருக்கிற பாறையில காரீயமும் கலந்திருக்கு. அதை ஊருக்குள்ள கொண்டுவந்து மாவு மில்லுல அரைச்சாங்க. கல்யாணமான பெண்கள் பலர் வீட்டு வளாகத்தை விட்டு அதிகம் வெளியே போகாத சமூகம் அது. அதனால வேலை வீடு தேடி வந்தது. பாறையை உடைக்கிறது, காயவைக்கிறது எல்லாம் குழந்தை தவழுற அதே முற்றத்துல. டரேட்டா, யார்கால்மா கிராமங்கள்ல முதலில் சோதித்த 118 குழந்தைகளில் 97 சதவீதம் பேருக்கு ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 45 மைக்ரோகிராம் அல்லது அதுக்கும் மேல காரீயம். மருந்து கொடுத்தே ஆகவேண்டிய அளவு அது. அந்தப் பேரழிவில் குறைஞ்சது 400 குழந்தைகள் இறந்தாங்க.

கவனம் முழுக்க 5 வயசுக்குக் கீழே இருந்த குழந்தைகள் மேல. அது நியாயம்தான். ஆனா அந்தத் தூசியை முதல்ல சுவாசிச்சது அம்மா.

பெரியவங்க உடம்புல சேர்ற காரீயத்தில் 90 சதவீதத்துக்கும் மேல எலும்புல போய் உட்காரும், பல வருஷம். 1990-களில் பிரையன் கல்சன் என்ற ஆஸ்திரேலிய விஞ்ஞானி, வெளிநாட்டிலிருந்து அங்கே குடியேறிய பெண்களை கர்ப்ப காலம் முழுக்கத் தொடர்ந்து சோதிச்சார். ஒவ்வொரு ஊர்க் காரீயத்துக்கும் தனி ஐசோடோப்பு அடையாளம் உண்டு. கர்ப்பம் முன்னேற முன்னேற, அவங்க ரத்தத்தில் பழைய நாட்டுக் காரீயம் கூடிச்சு. குழந்தைக்குக் கால்சியம் வேணும்னு எலும்பு கரையும்போது, கூடவே அதுவும் வெளியே வருது. நஞ்சுக்கொடி அதைத் தடுக்காது.

அப்போ கர்ப்பிணிகளைச் சோதிச்சிடலாமே? கருவி இருக்கு. விரல்நுனியில் ரெண்டு சொட்டு ரத்தம், மூணு நிமிஷத்துல முடிவு. ஆனா விரல்ல தூசி ஒட்டியிருந்தா கருவி தூசியையும் சேர்த்து எண்ணிடும். நல்லா சோப்புப் போட்டுக் கழுவணும், அதிகமா வந்தா நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து உறுதிசெய்யணும். தண்ணி சுமந்து வர்ற ஊர்ல இது சின்ன விஷயமில்லை. அந்தக் கருவி 65-க்கு மேல எண் காட்டாது, 'ஹை'-ன்னு மட்டும்தான் சொல்லும்.

சோதிச்சப்புறம்? காரீயத்தை வெளியேற்றும் மருந்தை முதல் மூன்று மாதத்தில் கூடுமானவரை தவிர்க்கிறாங்க. கால்சியம் கொடுக்கலாம். வீட்டு மண்ணை மாத்தாம மருந்து கொடுத்தா விஷம் திரும்ப ஏறும். பாகேகா கிராமத்துக் குழந்தைங்க 2013-ல மண்ணைச் சுத்தம் செய்யுற வரைக்கும் சிகிச்சைக்குக் காத்திருந்தாங்க.

அன்னைக்கு 4 வயசா இருந்த பெண் குழந்தைகள் இப்போ தாயாகும் வயசுல இருக்காங்க. ரத்த அளவு இறங்கியிருக்கலாம், எலும்புல மிச்சம் இருக்கலாம். அதனால, என்னைக் கேட்டா, முதல் செக்கப்ல ஊசி எடுக்குறதுக்கு முன்னாடி கேட்கவேண்டியது ஒண்ணுதான்: "நீ எந்த ஊர்ல வளர்ந்தேம்மா?"