ஒளி பாதி, பொருள் பாதி

ஹாப்ஃபீல்டுன்னதும் நம்மள மாதிரி பொட்டி தட்டுறவங்களுக்கு நியூரல் நெட்வொர்க்தான் ஞாபகம் வரும். 1982ல் அவர் எழுதின அந்த நெட்வொர்க்குக்காக 2024ல் ஜெஃப்ரி ஹின்டனோட சேர்த்து இயற்பியல் நோபல் குடுத்தாங்க. ஆனா மனுஷன் அதுக்கு 24 வருஷம் முன்னாடியே இன்னொரு விதை போட்டிருந்தார். நான் சொல்ல வந்தது அந்தக் கதை.

1958. கார்னெல் பல்கலைக்கழகத்துல அவர் முனைவர் பட்டம் வாங்கின வருஷம். குறைகடத்திப் படிகத்துல ஒளி பட்டா ஒரு எலக்ட்ரான் எகிறும், அது இருந்த இடம் காலியாகும். எலக்ட்ரானும் காலி இடமும் ஜோடியா சுத்தும். இந்த ஜோடிக்குப் பேர் எக்ஸைட்டான். ரெண்டும் சேர்ந்து மறைஞ்சா மறுபடி ஒளி. இந்தக் கொடுக்கல் வாங்கல் படுவேகமா நடந்தா எது ஒளி, எது பொருள்னு பிரிக்கவே முடியாது. கலந்து பொறந்த புது ஆசாமின்னுதான் கணக்கு போடணும்னார் ஹாப்ஃபீல்டு. அவர் வச்ச பேர் போலரிட்டான். (படிகத்தோட அதிர்வை வச்சு இதே யோசனையை கீவ்ல டோல்பிகோ 1950லயும், இங்கிலாந்துல இருந்த சீனர் ஹுவாங் குன் 1951லயும் எழுதியிருந்தாங்க.)

அதிர்வு வகைப் போலரிட்டானை 1965லயே ஹாப்ஃபீல்டும் ஹென்றியும் சோதனையில பார்த்துட்டாங்க. ஆனா எக்ஸைட்டான் வகையை நம்ம இஷ்டத்துக்கு ஆட்டிவைக்கணும்னா ஒளியை அடைச்சு வைக்கணும். அது தப்பிச்சு ஓடுறதுக்குள்ள பலமுறை கைமாறணுமே! அதுக்கு ஒளியோட அலைநீளம் அளவுக்கே இடைவெளி விட்ட ரெண்டு கண்ணாடிகளை, அணு அடுக்கு அடுக்கா வளர்த்தெடுக்கணும். அந்தக் கைவேலை கைகூடி, 1992ல் டோக்கியோ பல்கலைக்கழகத்துல பிரெஞ்சுக்காரர் கிளாட் வைஸ்பூஷும் அரகாவா குழுவும் காலியம் ஆர்சனைடுல செஞ்சு பார்த்தாங்க. திரும்பி வர்ற ஒளியில ஒரு பள்ளம் தெரிய வேண்டிய இடத்துல ரெண்டு பள்ளம்! கலப்பு நிஜம்னு அதுதான் சாட்சி.

ஆனா காலியம் ஆர்சனைடுல எக்ஸைட்டான் நோஞ்சான். கடுங்குளிர் இல்லைன்னா பிச்சுக்கும். துத்தநாக ஆக்சைடுல அப்படி இல்லை. அங்கே ஜோடியைப் பிரிக்க 60 மில்லி எலக்ட்ரான் வோல்ட் வேணும், அறைவெப்பம் தர்றது சுமார் 26தான். தவிர, இதோட நுண்கம்பி தானாவே அறுகோணமா வளரும், கண்ணாடியே வேண்டாம். பீஜப்பூர் கோல் கும்பஸ்ல ஒரு ஓரத்துல கிசுகிசுத்தா சுவரோரமா சுத்தி எதிர்ப்பக்கம் கேக்குமே (நம்ம சி.வி. ராமன் 1922ல் இதைப் பத்தி எழுதியிருக்கார்), அதே மாதிரி ஒளி கம்பிக்குள்ள சுவரோரமா சுத்தும். 2008ல் ஷாங்காய் ஃபூடான் பல்கலைக்கழகக் குழு இப்படிப்பட்ட கம்பியில, அறைவெப்பத்துலயே கலப்பைக் காட்டிடுச்சு.

1958லேர்ந்து 2008. சரியா அம்பது வருஷம். ரெண்டு வாரத்துல ரிசல்ட் வரலைன்னா ப்ராஜெக்டையே மூடுற தொழில்ல இருக்கிறவன் நான். ஹாப்ஃபீல்டு பேரு நிலைச்சுடுச்சு, நியாயம்தான். ஆனா நடுவுல உலை பக்கத்துல உக்காந்து படிகம் வளர்த்தவங்க எத்தனை பேர்? அவங்க இல்லேன்னா அந்தச் சமன்பாடு இன்னிக்கும் காகிதத்துலதான் இருந்திருக்கும்.