அயல்நாடுகளில் இந்திய ஓட்டுநர் உரிமம்

ஒரு நாட்டில் பெற்ற ஓட்டுநர் உரிமத்தை, வேறொரு நாட்டில் குடியிருக்கும்போது அந்நாட்டு உரிமமாக மாற்றிக்கொள்வது உரிம மாற்றம் எனப்படுகிறது. சில நாடுகளில் இதற்கு ஒரு விண்ணப்பமும் கட்டணமும் போதும். சில நாடுகளில் எழுத்துத் தேர்வு மட்டும் உண்டு. வேறு சில நாடுகளில் இருபது ஆண்டுகள் வண்டி ஓட்டியவரும் பயிற்சிப் பள்ளியில் புதிய மாணவராகச் சேர வேண்டும். இந்திய உரிமம் வைத்திருப்பவர் பெரும்பாலும் கடைசி வகையில்தான் வருகிறார். அதற்கான காரணம் நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாற்றில் இருக்கிறது.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் தியாகதுருகத்திற்கு அருகிலுள்ள ரிஷிவந்தியம், அர்த்தநாரீசுவரர் கோயிலால் அறியப்பட்ட ஊர். ஓர் ஊராட்சி ஒன்றியமும் இவ்வூரின் பெயரால் அழைக்கப்படுகிறது. நெல்லும் கரும்பும் விளையும் இவ்வட்டாரத்தில் டிராக்டர் ஓட்டப் பழகிய இளைஞர் அடுத்து நான்கு சக்கர வண்டிக்கு லைசென்ஸ் எடுப்பதும், பின்னர் வளைகுடா நாட்டிற்கோ சிங்கப்பூருக்கோ போக முயல்வதும் வழக்கம். அவருடைய பாஸ்போர்ட் எந்த நாட்டு விமான நிலையத்திலும் செல்லும். ஆனால் எட்டு போட்டு வாங்கிய லைசென்ஸ் அப்படிச் செல்வதில்லை.

உரிமம் தோன்றிய வரலாறு

ஓட்டுநருக்குத் தேர்வு வைத்துச் சான்று வழங்கும் முறையை 1893-ஆம் ஆண்டிலேயே பாரிஸ் நகரக் காவல்துறை கொண்டுவந்தது. பிரிட்டனில் 1903-ஆம் ஆண்டின் மோட்டார் கார் சட்டப்படி, 1904 சனவரி முதல் உரிமம் கட்டாயமானது. ஆனால் தேர்வு எதுவும் கிடையாது. ஐந்து ஷில்லிங் கட்டினால் உரிமம் கையில் வந்துவிடும். அந்நாட்டில் ஓட்டுநர் தேர்வு கட்டாயமானது 1935 சூன் மாதத்தில்தான். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தேர்வே இல்லாமல் உரிமம் கொடுத்த நாடுதான் இன்று இந்திய உரிமத்தின் தரத்தை ஏற்க மறுக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இந்தியா முழுமைக்குமான முதல் மோட்டார் வாகனச் சட்டம் 1914-இல் இயற்றப்பட்டது. அதற்குப் பதிலாக 1939-ஆம் ஆண்டின் சட்டம் வந்தது. இப்போதைய 1988-ஆம் ஆண்டுச் சட்டம் 1989 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது.

பன்னாட்டு உடன்படிக்கைகள்

மோட்டார் வண்டிகள் நாட்டெல்லைகளைத் தாண்டத் தொடங்கியதும் சிக்கலும் தொடங்கியது. 1909 அக்டோபர் 11 அன்று பாரிசில் கையெழுத்தான உடன்படிக்கை, ஒரு நாட்டின் சான்றை மற்ற நாடுகள் மதிக்க வழி செய்தது. பள்ளம் மேடு, வளைவு, சாலைச் சந்திப்பு, இருப்புப்பாதைக் கடவு ஆகிய நான்குக்கும் பொதுவான எச்சரிக்கைக் குறிகளையும் வகுத்தது. 1926-இல் பாரிசில் உருவான அடுத்த உடன்படிக்கை வண்டிக்கான சான்றையும் ஓட்டுநருக்கான அனுமதியையும் தனித்தனியாகப் பிரித்தது. இன்றைய பன்னாட்டு ஓட்டுநர் அனுமதிக்கு இதுவே மூலம்.

இவை யாருக்காக எழுதப்பட்டன என்பதில் ஐயமில்லை. சொந்தக் கார் வைத்துக்கொண்டு பிரான்சிலிருந்து இத்தாலிக்கு உல்லாசப் பயணம் போன செல்வர்களுக்காகவே எழுதப்பட்டன. வேலை தேடிப் போய் ஆண்டுக்கணக்கில் தங்கும் கூலி ஓட்டுநர் அந்த உடன்படிக்கைகளை எழுதியவர்களின் நினைவில் இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1949 செப்டம்பர் 19 அன்று ஜெனீவாவில் உருவான சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையும் இதே வழியில் சென்றது. அதன்படி வழங்கப்படும் பன்னாட்டு அனுமதி ஓராண்டுக்குச் செல்லும். இந்தியா இதில் 1962-இல் இணைந்தது. 1968-இல் உருவான வியன்னா உடன்படிக்கையில் இந்தியா இன்றுவரை உறுப்பினர் அல்ல.

வருகையாளரும் குடியிருப்பாளரும்

பன்னாட்டு அனுமதி தனியான உரிமம் அன்று. உள்நாட்டு உரிமத்தைப் பல மொழிகளில் எடுத்துச் சொல்லும் துணை ஆவணம் மட்டுமே. மூல உரிமம் கையில் இல்லாவிட்டால் இதற்கு மதிப்பில்லை. ஊரில் ஆர்.டி.ஓ. ஆபீஸ் என்று அழைக்கப்படும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் 4ஏ படிவத்தில் விண்ணப்பித்து இதனைப் பெறலாம். கட்டணம் 1000 ரூபாய். முன்பு மாநிலத்துக்கு மாநிலம் வேறுவேறு வடிவில் இருந்த இந்த ஆவணத்திற்கு, 2022 ஆகஸ்டில் ஒன்றிய அரசு நாடு முழுவதற்கும் ஒரே வடிவத்தையும் கியூஆர் குறியையும் அறிவித்தது.

இது வருகையாளருக்கு உதவும். ஆனால் ஒருவர் குடியிருப்பு அனுமதி பெற்ற நாளிலிருந்து அவர் வருகையாளர் அல்லர். அதன்பின் அந்தந்த நாட்டின் உள்நாட்டுச் சட்டமே பேசும். வெளிநாட்டில் இருக்கும்போதே பன்னாட்டு அனுமதி காலாவதியானால் இந்தியத் தூதரகம் வழியாகப் புதியது பெற 2021 சனவரியில் வழி செய்யப்பட்டது. ஆயினும் குடியிருப்பாளர் ஆகிவிட்டவரின் சிக்கலை அது தீர்ப்பதில்லை.

நாட்டுக்கு நாடு

பிரிட்டனில் குடியேறிய இந்தியர் முதல் 12 மாதங்கள் தம் உரிமத்தைக் கொண்டே ஓட்டலாம். பிறகு தற்காலிக உரிமம் பெற்று, எழுத்துத் தேர்வும் சாலைத் தேர்வும் எழுத வேண்டும். எழுத்துத் தேர்வில் 50 கேள்விகளுக்கு 43 சரியாக இருக்க வேண்டும். சிங்கப்பூர், ஹாங்காங், தென்னாப்பிரிக்கா, சிம்பாப்வே ஆகியவற்றின் உரிமங்களைப் பிரிட்டன் நேரடியாக மாற்றித் தருகிறது. ஐக்கிய அரபு அமீரகம் இப்பட்டியலில் 2021-இல் சேர்ந்தது. இந்தியா பட்டியலில் இல்லை. இடப்பக்கம் ஓட்டும் வழக்கத்தை இந்தியாவுக்குக் கொடுத்ததே பிரிட்டன்தான்.

சிங்கப்பூரிலும் இடப்பக்கமே ஓட்டுகிறார்கள். அங்கே வெளிநாட்டுக் கார் உரிமத்தை மாற்ற அடிப்படை எழுத்துத் தேர்வில் 50-க்கு 45 பெற்றால் போதும், சாலைத் தேர்வு பொதுவாக இல்லை. நம் ஊர்க்காரருக்கு எளிதான நாடுகளுள் இது ஒன்று. சுவிட்சர்லாந்தில் இந்திய, இலங்கை உரிமம் வைத்திருப்பவர் 12 மாதங்களுக்குள் மாற்ற வேண்டும். அதற்கு ஒரு சோதனை ஓட்டம் உண்டு. அதில் ஒருமுறை தவறினால் மறுமுறை கிடையாது, புதிய மாணவராகவே தொடங்க வேண்டும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் எழுத்துத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். ஈழத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் எண்ணிக்கையே அங்கு தமிழுக்கு இந்த இடத்தைத் தந்தது எனலாம். முந்தைய அனுபவத்தைக் கணக்கில் சேர்க்க, உரிமம் வழங்கிய அலுவலகத்தின் அல்லது தூதரகத்தின் கடிதம் தேவைப்படும்.

வளைகுடா

தமிழ்நாட்டுக் கிராமத்து ஓட்டுநருக்கு உண்மையான சோதனை வளைகுடாவில்தான். அங்கு வண்டிகள் வலப்பக்கம் ஓடுகின்றன. ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கும், கியர் வலக்கைக்கு வரும். ரவுண்டானாவில் சுற்றும் திசையும் மாறும். கால் பழகியதைத் தலை மாற்றிக்கொள்ளச் சில வாரங்களாவது ஆகும். ஆகவே பயிற்சி வேண்டும் என்பதில் நியாயம் இல்லாமல் இல்லை.

துபாயில் எழுத்துத் தேர்வு, நிறுத்துமிடத் தேர்வு, சாலைத் தேர்வு என மூன்று படிகள் உண்டு. எழுத்துத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். பழைய உரிமம் உள்ளவருக்கு வகுப்புகளின் எண்ணிக்கை குறைகிறது. வகுப்பே இல்லாமல் ஒரே ஒருமுறை நேரடியாகத் தேர்வு எழுதிப் பார்க்கும் வாய்ப்பு 2023-இல் அறிமுகமானது. அதில் தவறினால் வழக்கமான பயிற்சிதான். குவைத்திலோ ஓட்டும் திறமை மட்டும் போதாது. வெளிநாட்டவருக்குக் குறைந்தபட்சச் சம்பளம், பட்டப்படிப்பு, குறிப்பிட்ட காலக் குடியிருப்பு என்ற நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. ஓட்டுநராகவே வேலைக்கு வந்தவர் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு உண்டு. சவூதி அரேபியாவில் 2018 சூன் 24 வரை பெண்கள் வண்டி ஓட்டவே முடியாது. அதனால் அங்கிருந்த செவிலியர்களும் ஆசிரியைகளும் ஊரில் எடுத்த உரிமத்தைப் பெட்டியிலேயே வைத்திருந்தனர்.

'ஹவுஸ் டிரைவர்' விசாவில் போகிறவரின் நிலையை நினைத்துப் பார்க்க வேண்டும். வட்டிக்கு வாங்கியோ நகையை அடகு வைத்தோ புறப்பட்டவர், சாலைத் தேர்வில் இரண்டு மூன்று முறை தவறினால் வேலை கேள்விக்குறியாகிறது. ஒவ்வொரு தேர்வுக்கும் மறுபடி கட்டணம் உண்டு. அதை முதலாளி கட்டுவாரா, சம்பளத்தில் பிடிப்பாரா என்பது புறப்படும் முன்னரே ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டிய செய்தி. பலர் விமானம் ஏறிய பிறகே இதைக் கேட்கிறார்கள்.

திரும்பி வரும்போது

பிற நாடுகள் இந்திய உரிமத்தை ஏற்கத் தயங்கினாலும், இந்தியச் சட்டம் பெருந்தன்மையாக இருக்கிறது. 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு, வெளிநாட்டு அதிகாரி வழங்கிய செல்லத்தக்க உரிமம் உள்ளவருக்கு அதே வகை வண்டிக்கான ஓட்டுநர் தேர்விலிருந்து விலக்கு அளிக்கிறது. உடல்தகுதி தொடர்பான நிபந்தனைகள் மட்டும் பொருந்தும்.

ஆனால் பழைய இந்திய உரிமத்தை மறந்துவிட்டவர் இங்கே மாட்டிக்கொள்வார். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், 30 வயதுக்குக் குறைந்தவரின் உரிமம் 40 வயது வரையும், 30 முதல் 50 வயதுக்குள் எடுப்பவரின் உரிமம் 10 ஆண்டுகளும் செல்லும். காலாவதியாவதற்கு ஓராண்டு முன்பிருந்தே புதுப்பிக்கலாம். காலாவதியாகி ஓராண்டைத் தாண்டிவிட்டால் மீண்டும் தேர்வு எழுதியே புதுப்பிக்க முடியும். வளைகுடா ஒப்பந்தங்கள் பெரும்பாலும் இரண்டு ஆண்டுக்கானவை. ஒரு விடுமுறைக்கும் அடுத்த விடுமுறைக்கும் இடையில் அந்த ஓராண்டு கழிந்துவிடுகிறது. விடுமுறையில் வந்தவர் ஆர்.டி.ஓ. ஆபீசில் மறுபடி எட்டு போட நேர்வது இதனால்தான். கையால் எழுதிய பழைய புத்தக லைசென்ஸ் வைத்திருப்பவருக்கு இன்னொரு வேலையும் உண்டு. அவ்விவரம் 'சாரதி' கணினிப் பதிவில் ஏறியிருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் உரிமம் வழங்கிய அலுவலகத்திலேயே ஏற்றிக்கொள்ள வேண்டும். வெளிநாட்டுத் தூதரகமோ போக்குவரத்துத் துறையோ உரிமத்தைச் சரிபார்க்கக் கேட்கும்போது இந்தப் பதிவே தேடப்படுகிறது.