செய்தியோடைப் படிப்பான்களும் தமிழ்த் திரட்டிகளும்

இணையத்தில் செய்தித் தளங்களையும் வலைப்பதிவுகளையும் தொடர்ந்து படிக்கத் தமிழ் வாசகர்கள் கடந்த இருபது ஆண்டுகளில் பல கருவிகளைக் கைக்கொண்டும் கைவிட்டும் வந்திருக்கின்றனர். வாசகர் தாமே தளங்களைத் தேர்ந்து, பட்டியலிட்டுப் படிக்க உதவுவது செய்தியோடைப் படிப்பான். பலருடைய பதிவுகளை ஒரே பக்கத்தில் குவித்து எல்லோருக்கும் ஒன்றுபோலக் காட்டுவது திரட்டி. இவ்விரண்டுக்கும் பின் வந்தது, எதைக் காட்டுவது என்பதை நிறுவனத்தின் கணிநிரலே முடிவு செய்யும் கைப்பேசிச் செயலி. ஒருவர் இவற்றுள் எதைத் தேர்கிறார் என்பதைப் பொறுத்தே அவர் படிப்பதை யார் தேர்கிறார் என்பது அமைகிறது. பெருநகர வாசகருக்கு இந்த வேறுபாடு அவ்வளவாகத் தெரியாது. நகரத்துச் செய்தி எந்த வழியிலும் வந்து சேரும். ஸ்ரீவைகுண்டம் போன்ற ஒரு சிற்றூரில் இருப்பவருக்கு அது நன்றாகவே தெரியும்.

படிப்பகத்து மேசை

தாமிரபரணியின் வடகரையில் உள்ள ஸ்ரீவைகுண்டம், தூத்துக்குடி மாவட்டத்தின் வட்டத் தலைநகரங்களுள் ஒன்று. 1986இல் மாவட்டம் பிரியும்வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. நவதிருப்பதிகளுள் ஒன்று இவ்வூர். குமரகுருபரர் பிறந்த ஊர். ஆற்றின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசி அணைக்கட்டு இருப்பதும் இங்கேதான். இவ்வளவு இருந்தும் மாநிலச் செய்தியில் இவ்வூரின் பெயர் எப்போதாவதுதான் வரும்.

இணையத்துக்கு முன் இக்குறையைத் தீர்த்தவை மாவட்டப் பதிப்புகள். 1951இல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய தினமலர் 1957இல் திருநெல்வேலிக்கு இடம்பெயர்ந்தது. திருச்செந்தூர் அருகே காயாமொழியில் பிறந்த சி. பா. ஆதித்தனார் 1942இல் மதுரையில் தொடங்கிய தினத்தந்தியும் தென்மாவட்டச் செய்திகளுக்கு இடம் தந்தது. ஊர்ப் படிப்பகங்களில் இத்தாள்கள் ஒரே மேசையில் கிடக்கும். ஒரு தாளில் இல்லாத செய்தி அடுத்ததில் இருக்கும். ஒன்றில் பெரிதாக வந்தது மற்றதில் மூலையில் கிடக்கும். நான்கு ஆசிரியர்களின் தேர்வை அருகருகே வைத்துப் பார்க்கும் வசதி அந்த மேசைக்கு இருந்தது. பின்னர் வந்த மின்கருவிகள் பலவற்றில் இந்த வசதி இல்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

ஓடை என்னும் கோப்பு

ஒரு வலைத்தளத்தில் புதிதாக வந்தவற்றின் தலைப்பு, முகவரி, நாள், சுருக்கம் ஆகியவற்றைக் குறிப்பிட்ட முறையில் எழுதிவைத்த சிறு கோப்பே செய்தியோடை. தளத்தில் புதிய இடுகை சேரும்போது இக்கோப்பும் தானே புதுப்பிக்கப்படும். படிப்பான் என்னும் மென்பொருள், வாசகர் தந்த பட்டியலில் உள்ள ஓடைகளைக் குறித்த இடைவெளியில் எட்டிப்பார்த்து, முன்பு இல்லாததை மட்டும் எடுத்து வந்து காட்டும். நூறு தளங்களைத் தினமும் திறந்து பார்க்கும் வேலையை அது மிச்சப்படுத்துகிறது.

நெட்ஸ்கேப் நிறுவனம் தன் முகப்புப் பக்கத்துக்காக 1999 மார்ச்சில் ஆர்எஸ்எஸ் வடிவத்தை வெளியிட்டது. டேவ் வைனர் 2002இல் வெளியிட்ட ஆர்எஸ்எஸ் 2.0தான் பரவலாக நிலைத்தது. ஆட்டம் என்னும் மாற்று வடிவம் 2005 டிசம்பரில் இணையத் தரமாக ஏற்கப்பட்டது. இவ்விரண்டில் எது சிறந்தது என்று வல்லுநர்கள் சில ஆண்டுகள் சண்டையிட்டனர். வாசகருக்கு அதனால் எந்த நட்டமும் இல்லை. படிப்பான்கள் இரண்டையும் படித்தன.

தமிழில் ஓடை என்ற சொல் அழகாகப் பொருந்தியது. ஆனால் ஓடையில் தமிழ் ஓடுவதற்கு முதலில் எழுத்துரு தடையாக இருந்தது. அக்காலத் தமிழ்ச் செய்தித் தளங்கள் பல, தத்தம் சொந்தக் குறியாக்கத்தில் இயங்கின. ஒரு நாளிதழைப் படிக்க ஓர் எழுத்துரு, மற்றொன்றுக்கு வேறோர் எழுத்துரு என்று இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். வலைப்பக்கத்தில் இது எப்படியோ ஓடியது. பல தளங்களின் உரையும் ஒரே சாளரத்தில் வந்து விழும் படிப்பானில் இது செல்லாது. பாதி எழுத்துகள் குப்பையாகத் தெரியும். எனவே ஒருங்குறியில் எழுதியவர்களை மட்டுமே ஓடைவழித் தொடர முடிந்தது. 2003இல் எழுத வந்த தமிழ் வலைப்பதிவர்கள் பெரும்பாலும் ஒருங்குறிக்கு மாறிக்கொண்டதால், இத்துறையில் பெரிய நாளிதழ்களைத் தனிமனிதர்கள் முந்தினர்.

அதிராம்பட்டினத்தைச் சேர்ந்த உமர் தம்பியின் பணி இங்கே குறிப்பிடத்தக்கது. பழைய விண்டோஸ் கணினிகளிலும் ஒருங்குறித் தமிழ் தெரியும்படி தேனீ என்னும் இயங்கு எழுத்துருவை அவர் அமைத்தார். ஒருங்குறித் தமிழுக்கென ஆர்எஸ்எஸ் ஓடை உருவாக்கும் கருவி ஒன்றையும் செய்து அளித்தார். 2006இல் அவர் மறைந்தார். இன்று தமிழ் ஓடைகளைப் படிக்கும் மாணவர் பலருக்கு அவர் பெயர் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய பெயர்.

தமிழ்மணம்

தொடக்கத்தில் பதிவுகள் சில பத்துகளே இருந்தபோது மதி கந்தசாமி தொகுத்த பட்டியல் போதுமானதாக இருந்தது. பட்டியல் நீண்டதும், எந்தப் பதிவில் புதிதாக எழுதியிருக்கிறார்கள் என்று தெரியாமல் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கும் சலிப்பு வந்தது. 2004 ஆகஸ்டில் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் இச்சலிப்புக்கு விடை. அது பதிவுகளின் ஓடைகளைத் தானே படித்து, புதிய இடுகைகளை நேர வரிசையில் ஒரே பக்கத்தில் அடுக்கியது. ஓடை என்றால் என்னவென்றே அறியாதவரும் ஓடையின் பயனைப் பெற்றனர்.

தமிழ்மணத்தின் சிறப்பும் தொல்லையும் ஒரே இடத்தில் பிறந்தவை. புதிய இடுகைகளோடு, அண்மையில் மறுமொழி பெற்ற இடுகைகளையும் அது காட்டியது. இதனால் ஈழம், சாதி, மொழி, திரைப்படம் என்று எதைப் பற்றியும் நாட்கணக்கில் உரையாடல் நடந்தது. கோவையில் எழுதியவருக்குக் கனடாவிலிருந்து பதில் வந்தது. அதே வசதியால், தம் இடுகை முகப்பில் நிற்க வேண்டும் என்பதற்காகத் தமக்குத் தாமே மறுமொழி இட்டுக்கொள்ளும் பழக்கமும் வந்தது. பதிவர்கள் இதற்குப் பின்னூட்டக் கயமைத்தனம் என்று பெயரே வைத்தனர். சொடுக்குகளின் எண்ணிக்கையால் அமைந்த சூடான இடுகைகள் பட்டியல் வந்ததும் தலைப்புகள் சூடேறின. உள்ளே சரக்கு இருக்க வேண்டும் என்ற கட்டாயம் குறைந்தது. எந்தப் பதிவைச் சேர்ப்பது, எதை விலக்குவது என்பது குறித்தும் கடுமையான வாக்குவாதங்கள் எழுந்தன. திரட்டியை நடத்தியவர்கள் ஊதியமின்றி உழைத்தவர்கள். அவர்களைக் குறைசொல்வது எளிது. பொதுப்பக்கம் ஒன்று இருந்தால் அதன் முதல் வரிக்குப் போட்டி வரத்தான் செய்யும்.

தேன்கூடு என்னும் திரட்டி அதன் நிறுவனர் சாகரன் 2007இல் மறைந்தபின் நின்றுபோனது. வாசகர் வாக்குகளால் இயங்கிய தமிழிஷ் பின்னர் இன்ட்லி எனப் பெயர் மாறியது. இங்கும் நண்பர் குழாம் சேர்ந்து வாக்களித்தால் எதுவும் மேலே வந்தது. பதிவர்கள் பலர் ஃபேஸ்புக்குக்கு இடம்பெயர்ந்தபின் திரட்டிகளின் காலம் முடிந்தது.

கதவடைப்புகள்

திரட்டிகள் செழித்திருந்த அதே ஆண்டுகளில் ஒரு சிறுபான்மையினர் சொந்தப் பட்டியலோடு படிப்பான்களைப் பயன்படுத்தினர். 2003இல் வந்த புளொக்லைன்சு, 2005 அக்டோபரில் வந்த கூகுள் ரீடர் ஆகியன அவர்களின் விருப்பக் கருவிகள். 2006 ஜூலையில் மும்பை ரயில் குண்டுவெடிப்புகளுக்குப் பின் இந்திய அரசு சில வலைப்பக்கங்களைத் தடுக்க ஆணையிட்டது. இணைய நிறுவனங்கள் பல, குறிப்பிட்ட பக்கங்களை விட்டுவிட்டு பிளாக்ஸ்பாட் தளத்தையே மொத்தமாக மூடின. அதில் பதிவு வைத்திருந்த தமிழர் எழுதியது தமிழ்நாட்டிலேயே பலருக்குத் திறக்கவில்லை. இணையவழிப் படிப்பான் வைத்திருந்தவர்களுக்கு மட்டும் அது தெரிந்தது. ஓடையை எடுத்து வருவது வெளிநாட்டிலிருந்த படிப்பானின் வழங்கி. வாசகரின் கணினி தடுக்கப்பட்ட தளத்தைத் தொடுவதே இல்லை. ஈரானிலும் கூகுள் ரீடர் இவ்வகையில் பயன்பட்டது.

அந்தக் கூகுள் ரீடரையே 2013 மார்ச் 13 அன்று மூடப்போவதாக நிறுவனம் அறிவித்தது. ஜூலை 1இல் சேவை முடிந்தது. அறிவிப்பு வந்த 48 மணி நேரத்தில் 5 லட்சம் பேர் தம்மிடம் வந்ததாக ஃபீட்லி தெரிவித்தது. இந்த இடமாற்றம் எளிதாக நடக்கக் காரணம் ஓபிஎம்எல் என்னும் சாதாரணக் கோப்பு. வாசகர் தொடரும் ஓடைகளின் பெயர்களும் முகவரிகளும் மட்டுமே அதில் இருக்கும். ஒரு படிப்பானிலிருந்து இறக்கி இன்னொன்றில் ஏற்றினால் பழைய பட்டியல் முழுதும் வந்துவிடும். தமிழ்மணத்தில் மட்டுமே படித்துவந்தவரிடம், அது ஓய்ந்தபோது, எடுத்துச்செல்ல எதுவும் இருக்கவில்லை. விருப்பமான பதிவர்களின் பெயர்கள் நினைவில் இருந்தால்தான் உண்டு.

ஃபயர்பாக்ஸ் உலாவி தன் ஓடை வசதியை 2018 டிசம்பரில் நீக்கியது. அதற்குள் பெரும்பாலோர் கைப்பேசிக்கு வந்துவிட்டனர். 2009இல் நியூஸ்ஹண்ட் என்ற பெயரில் தொடங்கி 2015இல் டெய்லிஹண்ட் ஆன செயலி உள்ளிட்டவை பல நாளிதழ்களை ஒரே இடத்தில் தமிழில் தந்தன. ஒருவர் முன்பு எதைச் சொடுக்கினாரோ அதைப் போன்றதையே மேலும் தருவது இத்தகைய செயலிகளின் இயல்பு. திரைச்செய்தி ஒன்றைத் திறந்தவருக்கு மறுநாள் பத்து வரும்.

ஸ்ரீவைகுண்டத்திலிருந்து பார்த்தால்

இவ்வூருக்கு அருகே, ஆற்றின் தென்கரையில் ஆதிச்சநல்லூர் உள்ளது. இந்தியத் தொல்லியல் துறை 2004இல் அங்கு அகழாய்வு செய்தது. அறிக்கைக்குப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 2020 பிப்ரவரி நிதிநிலை அறிக்கையில் அருங்காட்சியக அறிவிப்பு வந்தது. 2023 ஆகஸ்டில் அடிக்கல் நாட்டப்பட்டது. இதுபோலவே ஸ்ரீவைகுண்டம் அணையைத் தூர்வாருவது பற்றிய வழக்கு 2015இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம்வரை சென்றது. இவை ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டும் வாய் திறக்கும் செய்திகள். அணையின் வண்டல், கடைமடை விவசாயிக்கு வாழ்வுச் சிக்கல். ஆனால் சொடுக்குப் பட்டியலில் அது ஒருநாளும் சூடான இடுகை ஆகாது. திரட்டியின் பக்கத்தில் சில மணி நேரத்தில் கீழே போய்விடும். கணிநிரலுக்கு அது யாரும் கேட்காத சரக்கு. படிப்பானில் இட்டுவைத்த ஓடை மட்டும் ஆறு மாதம் சும்மா கிடந்து, புதிய வரி வந்த அன்று அதைக் கொண்டுவந்து முன்னால் வைக்கும். அடிக்கடி எழுதாத தளத்தைத் தொடர்வதற்கே படிப்பான் மிகவும் பொருத்தம் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை.

எல்லாவற்றுக்கும் அது பொருந்தும் என்பதில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பதிவானது. திருச்செந்தூரிலிருந்து சென்னை நோக்கிப் புறப்பட்ட செந்தூர் விரைவு ரயில், தண்டவாளத்தின் அடிமண்ணை வெள்ளம் அரித்ததால் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நிறுத்தப்பட்டது. ஏறத்தாழ 800 பயணிகள் இருந்தனர். ஒரு பகுதியினர் அருகிலிருந்த பள்ளிக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். எஞ்சியவர்கள் நிலையத்திலேயே தங்கினர். 19ஆம் தேதிதான் மீட்புப் பணி முடிந்தது. அதுவரை அருகிலுள்ள புதுக்குடி மக்கள் அவர்களுக்கு உணவளித்தனர். மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் அற்றுப்போன அந்த இரண்டு நாளில், ஊர்ப்பெயர் நாடு முழுவதும் செய்தித்திரைகளில் ஓடியது. ஊருக்குள் இருந்தவர்களுக்குத்தான் அடுத்த தெருவின் நிலைகூடத் தெரியவில்லை. மணிக்கொருமுறை ஓடையை எட்டிப்பார்க்கும் கருவிக்கு அங்கே வேலை இல்லை. பேட்டரியில் பாடும் வானொலிப்பெட்டியே அத்தகைய நாளுக்கு உரியது.

தேர்வில் பார்க்க வேண்டியவை

இன்று புதிதாகத் தொடங்கும் மாணவர் ஒரு படிப்பானைத் தேர்வதற்கு முன், பட்டியலை ஓபிஎம்எல் கோப்பாக இறக்க அது இடம் தருகிறதா என்பதையே முதலில் பார்க்க வேண்டும். தராவிட்டால் மற்ற வசதிகள் எவ்வளவு இருந்தும் பயனில்லை. ஃபீட்லி, இனோரீடர் போன்ற இணையச் சேவைகளில் கணினியிலும் கைப்பேசியிலும் ஒரே பட்டியல் கிடைக்கும். இலவசக் கணக்கில் ஓடைகளின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. ஃபிரெஷ்ஆர்எஸ்எஸ் கட்டற்ற மென்பொருள். சொந்த வழங்கியில் நிறுவிக்கொள்ளலாம், ஆனால் அதற்குச் சற்றுக் கணினி அறிவு வேண்டும். இணையம் விட்டுவிட்டு வரும் ஊர்களில், இணைப்புள்ளபோது முழுக் கட்டுரையையும் இறக்கி வைத்துக்கொள்ளும் கருவி நல்லது. ஆனால் சில தளங்கள் ஓடையில் தலைப்பையும் இரண்டு வரியையும் மட்டுமே விடுகின்றன. விளம்பரத்துக்காக வாசகரைத் தம் பக்கத்துக்கு வரவழைப்பது அதன் நோக்கம். அதை எந்தப் படிப்பானும் முழுமையாகச் சரிசெய்ய முடியாது.

ஓடையின் முகவரி பல தளங்களில் கண்ணுக்குத் தெரியும்படி இருப்பதில்லை. வேர்ட்பிரஸ் தளமாயின் முகவரியின் இறுதியில் ஒரு சாய்கோடும் ஃபீட் என்னும் ஆங்கிலச் சொல்லும் சேர்த்தால் பெரும்பாலும் கிடைத்துவிடும். பிபிசி தமிழ் ஓடை தருகிறது. யூடியூப் அலைவரிசை ஒவ்வொன்றுக்கும் ஓடை உண்டு. தமிழ் விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு கட்டுரையின் வரலாற்றுப் பக்கமும் ஆட்டம் ஓடை ஒன்றைத் தருகிறது. ஆதிச்சநல்லூர் கட்டுரையின் ஓடையைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டால், அதில் யாராவது ஒரு வரியை மாற்றினாலும், எதை நீக்கி எதைச் சேர்த்தார்கள் என்பதுவரை வந்து சேரும்.